வேலாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் சத்தமில்லை

சே. ம. சூ.

புதுக்கோட்டை,
15-6-1943

அன்புள்ள தங்கச்சி அடைக்கலமேரிக்கு அண்ணன் மரியசெல்வம் எழுதுவது.

இரட்டை மாட்டு வண்டியை ஒரே சத்தமாக எண்ணுவது என்று கமிட்டி நேற்று மாலை முடிவு செய்துவிட்டது. இதற்காகவே இரண்டு கூட்டங்கள் கூடின. கமிட்டி குமாஸ்தா என்ற முறையில் தீர்மானத்தை நகல் எடுத்த நான், அதை நானே இரண்டு தடவை உரக்க வாசித்துப் பார்த்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் பாதைச் சத்தம் பள்ளிக்கூடங்களை என்ன செய்கிறது என்று விசாரிக்க ஒரு கமிட்டி ஏற்படும், அது ஒரு முடிவுக்கும் வரும் என்று நம் அப்பா காலத்தில் யாராவது நினைத்திருப்பார்களா?

விவாதம் கடுமையாகவே இருந்தது. பஸ் முதலாளி சோலையப்பன் போக்குவரத்தின் சார்பில் கமிட்டியில் இருக்கிறார். "மாடு ரெண்டு, சக்கரம் ரெண்டு, கழுத்து மணி ரெண்டு. எப்படிப் பாத்தாலும் வண்டி ரெண்டு சத்தங்க. என் பஸ்ஸுக்கு இஞ்சின் ஒண்ணுதான்" என்று வாதாடினார். தலைவர் ரெங்கராஜ் அவர்கள் கண்ணை மூடி யோசித்தார். மாட்டு மணி சங்கீதத்தில் சேரும், சங்கீதம் சத்தமாகாது, ஆகவே வண்டி ஒரு சத்தம் என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் தன் பஸ்ஸின் ஹாரனும் சங்கீதம்தானா என்று சோலையப்பன் கேட்டார். அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

இனி உன் விஷயம். பள்ளிக்கூடத்தைப் பாதை ஓரத்திலிருந்து எடுத்து, கண்மாய்க்கரையில் பூட்டிக் கிடக்கும் பழைய சத்திரத்துக்கு மாற்றச் சொல்லி நீ போட்ட மனு கமிட்டிக்கு வந்துவிட்டது. தலைவர் இரக்கமாகவே படித்தார். ஆனால் 'சத்தம் தாங்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறாய். தாங்க முடியாதது எவ்வளவு என்று அவர் கேட்கிறார். அளவு சொல்லாத வார்த்தையை ஓர் ஆபீஸ் வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

அதற்காகக் கல்லூரியிலிருந்து ஓர் இசைக்கவை இரவல் வாங்கியிருக்கிறோம். இரண்டே பல் உள்ள முள்கரண்டி மாதிரி ஓர் எஃகுத் துண்டு. முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தால் ஒரே சுருதியில் இரைந்து மெல்ல அடங்கும். அமைதியான இடத்தில் அந்த இரைச்சல் வெகுநேரம் கேட்கும். சந்தடியான இடத்தில் சீக்கிரமே அமுங்கிப்போகும். எத்தனை எண்ணும்வரை கேட்கிறது என்பதுதான் அளவு. சீமையிலும் இப்படித்தான் அளக்கிறார்களாம். அது என் பொறுப்பில், என் வீட்டில் இருக்கிறது. உன் மதினி அதைத் தட்டிப் பிள்ளையைத் தூங்கவைக்கப் பார்த்தாள். பாதி தூங்கியிருந்த பிள்ளை முழுவதுமாக எழுந்துகொண்டது.

உன் அண்ணன்,
மரியசெல்வம்


வேலாம்பாறை,
19-6-1943

அண்ணனுக்கு அடைக்கலமேரி எழுதுவது.

வண்டி ஒரு சத்தம் என்று தெரிந்துகொண்டதில் பிள்ளைகளுக்கும் எனக்கும் மிகுந்த ஆறுதல். இதுவரை நாங்கள் அதை இரண்டாகக் கேட்டு வீணாகக் கஷ்டப்பட்டிருக்கிறோம்.

நீங்கள் எங்கள் மேட்டைப் பார்த்ததில்லை. அன்னவாசல் ரஸ்தா இங்கே வெறும் பாறைமேல் ஏறுகிறது. இரும்புப் பட்டை போட்ட சக்கரம் மண்ணில் போகும்போது முனகும், பாறையில் ஏறினால் கத்தும். சந்தை நாளில் வண்டிகள் வால் பிடித்ததுபோல வரும். அது போகட்டும். பெட்ரோல் யுத்தத்துக்குப் போய்விட்டதிலிருந்து சோலையப்பனுடைய பஸ்கள் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடுகின்றனவே, அவை மேட்டில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கி எங்கள் வாசலில் நின்றுவிடும். கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறிக் கரி போட்டு, அடுப்புக்குக் காற்றடிக்கும் ஊதியின் கைப்பிடியைச் சுற்றுவான். அது அறுபடுகிற ஆட்டைப்போல ஓலமிடும். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளாதவர்கள் எப்படித் தள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். டிரைவர் எல்லாரையும் உற்சாகப்படுத்த ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். ஒரு பஸ் போகுமுன் பட்டாள லாரிகள் வரும். அவை நிற்பதில்லை, ஆனால் போய் முடிவதும் இல்லை.

நான் பலகையருகே நின்று கத்துகிறேன். முதல் இரண்டு வரிசைக்குப் பாதி கேட்கிறது. கடைசி வரிசை என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போன வருஷம் ஐந்தாம் வகுப்பில் தேறியவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் முதல் வரிசை. இந்த வருஷமும் இப்படியானால் பள்ளிக்கூடத்தை அன்னவாசல் பையன்கள் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று எழுத்து மூலம் சொல்லிவிட்டார்கள். அதற்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும். மூக்காயி என்று ஒரு பிள்ளை. அவள் அப்பன் சேவுகன் சோலையப்பனுக்கு மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவன். கணக்கில் அவளைப்போல இந்த வகுப்பில் வேறு யாரும் இல்லை. தேறினால் ஆசிரியைப் பயிற்சிவரை கொண்டுபோய்விடலாம் என்று எனக்கு நம்பிக்கை. அப்பனிடம் பேசிப் பார்த்தேன்.

"இங்கிட்டு இருக்கிறவரைக்கும் வரட்டும் டீச்சரம்மா. ஒங்க கண்ணு முன்னாடி இருக்கு. அன்னவாசலுக்கெல்லாம் பொட்டப்புள்ளய நடத்தி அனுப்ப மாட்டேன். அன்னிக்கே கூடையக் குடுத்துருவேன்" என்றான். கூடை என்றால் கரிக்கூடை.

ஆகவே வந்து அளந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் வரச் சொல்லுங்கள். சந்தை நாளில் வரட்டும். கடைசி வரிசையில், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கேட்கட்டும். அதற்கு இசைக்கவைகூட வேண்டியதில்லை.

தொண்டைக்குப் பனங்கற்கண்டு அனுப்பிய மதினிக்கு என் அன்பு.

அடைக்கலமேரி


புதுக்கோட்டை,
3-7-1943

அன்புள்ள தங்கச்சிக்கு,

நல்ல செய்தி. வெள்ளிக்கிழமை காலை ரெங்கராஜ் அவர்களே நேரில் வருகிறார்கள். சந்தை நாளாகவும் அமைந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் ஒருவர் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நேரில் போவது இதுவே முதல் தடவை என்கிறார்கள்.

சொல்லாமல் வருவது பற்றி எழுதியிருந்தாய். நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அந்த அந்தஸ்தில் இருப்பவர் சொல்லாமல் வந்தால் அதைச் சோதனை என்பார்கள். சொல்லிவிட்டு வந்தால்தான் அது விஜயம். கடைசி வரிசையில் தரையில் உட்காருவதும் நடக்காது. பலகையருகே கைவைத்த நாற்காலி ஒன்று போட்டு வை. கிராமத்தில் இல்லாவிட்டால் சோலையப்பன் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மாலை ஒன்று போதும். கதம்பம் வேண்டாம், அவருக்கு மரிக்கொழுந்து வாசனை தலைவலி தரும்.

மற்ற எதைப் பற்றியும் நீ கவலைப்படாதே. இசைக்கவை வந்த பெட்டியின் மூடிக்குள் உபயோகிக்கும் முறை அச்சடித்து ஒட்டியிருக்கிறது. நான் அதை மூன்று தடவை படித்துவிட்டேன். அளக்கும்போது அவருக்கு எந்த இடைஞ்சலும் வராதபடி எல்லா ஏற்பாடும் நானே செய்துவிட்டேன். உன் காரியம் என்பதால் மற்ற ஊர்களுக்குச் செய்ததைவிட ஒருபடி அதிகமாகவே செய்திருக்கிறேன்.

அண்ணன்,
மரியசெல்வம்


வேலாம்பாறை,
10-7-1943

அண்ணனுக்கு,

அந்த ஒருபடி அதிகத்தை நேற்றுப் பார்த்தோம்.

காலையில் பள்ளிக்கூடத்தைத் திறந்தபோது ரஸ்தாவில் ஒரு மாடும் இல்லை. சந்தை நாளன்று. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆபீஸ் சேவகரும் இந்தப் பக்கம் ஓர் ஆபீஸ் சேவகரும் நின்று, வருகிற வண்டியையெல்லாம் மறித்து அவிழ்த்துப்போடச் சொல்லிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸை அன்னவாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். பட்டாள லாரிகள்கூட அன்று வரவில்லை. அது உங்கள் ஏற்பாடா, கடவுளுடையதா தெரியவில்லை. ஊருக்குள் உலக்கைச் சத்தம்கூட இல்லை. மூக்காயியின் அப்பன் சேவுகன் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அதன் வாயையும் பொத்திக்கொண்டு நின்றான்.

நான் வழக்கம்போலக் கத்த வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே திடுக்கென்றது. உடனே தாழ்த்திக்கொண்டு சாதாரணமாகப் பேசினேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து மூக்காயி எழுந்து, "டீச்சரம்மா, ஒங்களுக்கு மேலுக்கு முடியலையா?" என்றாள். ஒரு வருஷமாக என்னிடம் படிக்கிற பிள்ளை. நான் மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

அன்று ஒரு காலைப்பொழுதில் பின்னக்கணக்கு முழுவதையும் முடித்தேன். ஒரு மாதமாக முடியாதது. கடைசி வரிசைக்கும் புரிந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ரெங்கராஜ் அவர்கள் வந்தார். கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணினீர்கள். நாற்பது தாண்டியும் எண்ணிக்கொண்டே போனீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை உங்கள் கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறேன். "நல்ல அமைதியான இடம்" என்றார் அவர். "மேற்கொண்டு சொல்ல ஏதாவது இருக்கா அம்மா?" என்று என்னைக் கேட்டார். வண்டிகளை மறித்திருப்பதைச் சொன்னேன். "நாங்க வரும்போது ரோட்டில ஒரு வண்டியும் ஓடலையே" என்றார்.

அவருடைய கார் மேட்டுக்குக் கீழே உள்ள பாலத்தைத் தாண்டியதும் சேவகர்கள் கையைக் காட்டினார்கள். காலையிலிருந்து மறித்து வைத்த வண்டிகள் எல்லாம், அவற்றோடு பஸ்ஸும், அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த லாரிகளும் ஒரே மூச்சில் மேட்டில் ஏறின. பள்ளிக்கூடம் விடும்வரை அந்த ஊர்வலம் முடியவில்லை.

சத்தத்தை அளக்க வந்தவருக்காகச் சத்தத்தை நிறுத்தியது யார்?

அடைக்கலமேரி


புதுக்கோட்டை,
16-7-1943

தங்கச்சிக்கு,

நான்தான். நீ கேட்ட தோரணையைப் பார்த்தால் ஏதோ களவு செய்தவனிடம் கேட்பதுபோல இருக்கிறது. ஆகையால் முறையாக விளக்குகிறேன்.

முதலாவது, ஒரு அதிகாரி கிராமத்துக்குப் போகும்போது பாதையைத் துப்புரவாக வைப்பது எனக்கு முன்னிருந்தவர், அவருக்கும் முன்னிருந்தவர் காலத்து வழக்கம். நான் அதைச் செய்யாவிட்டால்தான் காரணம் எழுத வேண்டும். இரண்டாவது, பெட்டியின் மூடியில் அச்சடித்திருப்பது இதுதான்: 'கருவியைத் தட்டும்போது சுற்றிலும் அமைதி இருத்தல் அவசியம். வேறு ஓசைகள் கலந்தால் சுருதி சரியாகக் கேளாது.' இப்படி எழுதியிருக்கும்போது சந்தை வண்டிகளுக்கு நடுவே அவர் கையில் அதைக் கொடுத்திருந்தால் அளவு தப்பாகியிருக்காதா? உனக்கு அளவு சரியாக வரவேண்டும் என்றுதானே நான் அத்தனை பாடுபட்டேன்? சேவகர்களுக்குக் காப்பிக்காசுகூட என் கையிலிருந்துதான்.

நீ எழுதிய பிறகு இரண்டு நாள் யோசித்தேன். நீ சொல்வதிலும் ஏதோ இருக்கிறது என்று படுகிறது. ஆனால் அதற்குள் அறிக்கை போய்விட்டது. கமிட்டி பார்த்த பள்ளிக்கூடங்களில் வேலாம்பாறையே மிக அமைதியானது என்று அதில் இருக்கிறது. சோலையப்பன் எழுந்து நின்று கைதட்டினார். அங்கே தேர்ச்சி குறைவாக இருப்பதற்குக் காரணத்தைப் பாதையில் அல்லாமல் வேறு எங்காவது தேட வேண்டும் என்று ஒரு வாக்கியமும் உண்டு. அது தலைவர் சொன்னது, நான் எழுதியது. உன் பெயரைப் போடவில்லை.

பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது. உன் மதினி உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

மரியசெல்வம்


வேலாம்பாறை,
20-7-1943

கமிட்டி குமாஸ்தா மரியசெல்வம் அவர்களுக்கு வேலாம்பாறைப் பெண்கள் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை எழுதிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் ஒரே ஆசிரியைதான் இருக்கிறாள். அதனால் பெயரைப் போடாமல் விட்ட உதவிக்கு அவள் கடமைப்பட்டிருக்கிறாள்.

மறுபடி ஒருமுறை அளக்கும்படி கேட்டு இன்னொரு மனு இத்துடன் இருக்கிறது. அதைத் தலைவரிடம் வைப்பது உங்கள் வேலை. வைத்தால் போதும், ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டாம்.

அதுவரை பிள்ளைகள் சும்மா இருக்க முடியாது. பஸ் வாசலில் நிற்கும் நேரத்துக்கு ஒரு வழி கண்டிருக்கிறேன். கணக்கைப் பலகையில் எழுதிவிடுவேன். விடையை விரலால் காட்ட வேண்டும். வலது கை ஒன்றுகள், இடது கை பத்துகள், நூறானால் தலையில் கை. ஐந்துக்கு மேலானால் கையை ஒருமுறை மூடித் திறந்து மீதியைக் காட்ட வேண்டும். புரியாவிட்டால் காதைத் தொட வேண்டும். இப்போது பஸ் எவ்வளவு நேரம் நின்றாலும் பாடம் நிற்பதில்லை. மூக்காயி என் கை எழுதி முடிக்குமுன் விரலைத் தூக்கிவிடுகிறாள்.

அ. மேரி


புதுக்கோட்டை,
8-11-1943

தங்கச்சிக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்கு நான் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். நீயும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உன் மனுவைத் தலைவரிடம் வைத்தேன். இரண்டாவது அளவு எடுக்க வேண்டுமானால் முதல் அளவு தவறு என்று கமிட்டி தீர்மானிக்க வேண்டும். முதல் அளவில் கமிட்டி முழுவதும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காது கேட்காமல் போயிற்றா என்று தலைவர் கேட்டார். மனுவை முதல் அறிக்கையோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை இலுப்பூர் போகும் வேலை வந்தது. சோலையப்பன் பஸ்ஸில்தான் போனேன். உன் மேட்டில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கினோம். "சார், சட்டையப் பாக்காதீங்க, கைய வையுங்க" என்றான் கண்டக்டர். நானும் தள்ளினேன். கரிப்புகை, ஊதியின் ஓலம், ஹாரன். ஒருவர் மடியிலிருந்த சேவல் வேறு. தள்ளும்போது உன் ஜன்னல் எனக்கு நேராக வந்தது.

நீ பலகையருகே நின்றிருந்தாய். உன் வாய் திறந்து மூடுவதைப் பார்த்தேன். கழுத்து நரம்பு தெரிந்தது. ஒரு எழுத்துகூட என் காதில் விழவில்லை, அடைக்கலம். உனக்கும் எனக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். பிறகு நீ கத்துவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பலகையில் எழுதினாய். பிள்ளைகள் எல்லாரும் விரலைத் தூக்கினார்கள். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை எல்லாருக்கும் முன்னால் தூக்கியது. அதுதான் மூக்காயியாக இருக்க வேண்டும்.

உள்ளே வரலாம் என்று நினைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது. அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது கிளம்ப இன்னும் வெகுநேரம் ஆயிற்று. நான் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் ரெங்கராஜ் அவர்களிடம் போய், நானே காதால் கேட்டேன், அங்கே சத்தம் தாங்க முடியாது, அன்று வண்டிகளை நிறுத்தி வைத்தது நான் என்று சொன்னேன். இருபது வருஷத்தில் அவர் கேட்காமல் நான் ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. "நீர் எதில போனீர்?" என்றார். பஸ்ஸில் என்றேன். "அப்போ நீர் கேட்டது நீர் போன பஸ்ஸோட சத்தம். நீர் போகாம இருந்தா அது இருந்திருக்காது. கமிட்டி போன அன்னிக்கு இல்லையே" என்றார். பிறகு என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இரண்டு நாள் லீவு கொடுத்தார்.

லீவில் வீட்டில்தான் இருக்கிறேன்.

உன் அண்ணன்


வேலாம்பாறை,
19-2-1944

அண்ணனுக்கு,

நவம்பரில் வந்த உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். ஜன்னலில் யாரோ பார்ப்பதுபோல அன்று தோன்றியது. சேவல்காரர் என்று நினைத்தேன். உள்ளே வந்திருக்கலாம்.

நேற்று வருஷப் பரீட்சைக்குப் பள்ளிப் பார்வையாளர் வந்தார். புதியவர், வெளியூர்க்காரர். சொல்லாமல் வந்தார். சந்தை நாளில் வந்தார். நாற்காலி வேண்டாம் என்று பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் கேட்டதெல்லாம் ஒருவர் மூலமாக ஒரே நாளில் கிடைத்துவிட்டது.

எழுத்துப் பரீட்சை நன்றாகவே போயிற்று. பிறகு மனக்கணக்கு. அவர் வாயால் கேட்க, பிள்ளைகள் வாயால் சொல்ல வேண்டும். முதல் கேள்வி கேட்கும்போது பஸ் மேட்டுக்கு வந்து நின்றது. அவர் உரக்கக் கேட்டார். இன்னும் உரக்கக் கேட்டார். முன்னால் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று கத்தினார். கடைசி வரிசையில் மூக்காயி அவர் வாயைப் பார்த்துக் கேள்வியைப் பிடித்துவிட்டாள். ஒரு வருஷம் என் வாயைப் பார்த்துப் பழகியவள். வழக்கப்படி விரலைத் தூக்கினாள். இடது கையை ஒருமுறை மூடித் திறந்து இரண்டு விரல், வலது கையில் இரண்டு விரல். எழுபத்திரண்டு. சரியான விடை. அவளைப் பார்த்து வகுப்பில் பாதிப் பேர் விரலைத் தூக்கினார்கள். கேள்வியைப் பிடிக்காதவர்கள் காதைத் தொட்டார்கள்.

அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்னம்மா இது, சைகை?" என்றார். நான் சொன்னேன். பஸ் நின்றுகொண்டிருந்ததால் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. பஸ் போனதும் மறுபடி சொன்னேன். அவர் பையிலிருந்து உங்கள் அறிக்கையை எடுத்தார். 'மிக அமைதியானது' என்று அடிக்கோடு போட்டிருந்தது. "இவ்வளவு அமைதியான இடத்தில் சைகை எதற்கு?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இன்று சத்தம் கேட்டீர்களே என்றேன். ஒரு நாள் கேட்டதை வைத்து ஒரு கமிட்டி கேட்டதைத் தள்ள முடியுமா என்றார்.

பிள்ளைகள் சைகையால் ஒருவருக்கொருவர் விடை சொல்லிக்கொள்ளப் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதிப் பரீட்சையை ரத்து செய்துவிட்டார். எழுத்துப் பரீட்சையும் அதோடு போயிற்று. ஜூனிலிருந்து பள்ளிக்கூடம் அன்னவாசலோடு சேர்கிறது. என்னை அங்கே உதவி ஆசிரியையாகப் போடுகிறார்கள்.

சாயங்காலம் மூக்காயியின் ஆத்தா கண்ணாத்தாள் வந்தாள். "எம்புள்ள தப்பாச் சொல்லிப்புட்டாளா டீச்சரம்மா?" என்றாள். சரியாகத்தான் சொன்னாள் என்றேன். "அப்பறம் என்னாத்துக்கு அழுவுறா?" என்றாள். சேவுகன் வாசலிலேயே நின்றான். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடைக்கலமேரி


புதுக்கோட்டை,
24-4-1944

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளிப் பார்வையாளரிடம் போனேன். கேட்டுக்கொண்டார். வருத்தமாக இருக்கிறது என்றார். மேலே எழுதினால் அவர் போட்ட ரத்துக்கு அவரே காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். சேவுகனுக்கு ஒரு கடுதாசி எழுதினேன், மூக்காயியை என் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிறேன் என்று. பதில் இல்லை. அதை அவனுக்கு யார் வாசித்துக் காட்டியிருப்பார்கள் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். மூக்காயியாகத்தான் இருக்கும். நீ அவனிடம் நேரில் பேசிப் பார்க்கக் கூடாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு யார் மூலமாகவும் உனக்குத் தெரிய வேண்டாம். உங்கள் பள்ளிக்கூடக் கட்டடம் காலியாகிறதே, அதை என்ன செய்வது என்று ஆபீஸில் பேச்சு வந்தது. சுற்றுப்பயணம் போகும் அதிகாரிகள் மதியம் இளைப்பாற ஒரு விடுதி வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்திலேயே மிக அமைதியான இடம் எது என்பதற்குக் கமிட்டியின் அளவு ஆதாரமாக இருக்கிறது. ஆகவே அதுவே விடுதியாகிறது. கைவைத்த நாற்காலி ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

விடுதிக்கு முன்னால் ஒரு பலகை நட வேண்டும் என்று சோலையப்பனே யோசனை சொன்னார். அதிகாரிகள் தூங்கும்போது தன் பஸ் அங்கே நின்றால் தன் லைசென்சுக்கு நல்லதல்ல என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. பலகையின் வாசகத்துக்கு ஒரு கூட்டம் கூடியது. 'ஹாரன் அடிக்காதீர்' என்பதா, 'ஹாரன் அடிக்கக் கூடாது' என்பதா என்று வெகுநேரம் பேசினார்கள். இரண்டாவது முடிவாயிற்று. நகல் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். கமிட்டியைக் கலைத்துவிட்டார்கள். இசைக்கவையையும் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்னவாசலில் உனக்கு இருக்க வீடு கிடைத்ததா? கிடைக்காவிட்டால் இங்கே வந்துவிடு. உன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்று எழுத வந்தேன். கோபப்பட வேண்டியவன் நான் இல்லை என்று எழுதுவதுதான் சரி.

அண்ணன்,
மரியசெல்வம்


அன்னவாசல்,
2-7-1944

அண்ணனுக்கு,

வீடு கிடைத்துவிட்டது. கோயில் தெருவில் ஓர் அறை. தொண்டை தேவலை. இங்கே பள்ளிக்கூடம் ரஸ்தாவிலிருந்து தள்ளி இருக்கிறது, கத்த வேண்டியதில்லை. வேலாம்பாறையிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. சேவுகனிடம் நேரில் பேசினேன். "ஒங்க அண்ணன் மவராசன் டீச்சரம்மா. ஆனா பொட்டப்புள்ளய ஊருக்கு அனுப்பிட்டு நான் எப்படிங்க ஒறங்குவேன்?" என்றான்.

புதன்கிழமை பழைய கட்டடத்தின் மறுசாவியை ஒப்படைக்கப் போனேன். பஸ் இப்போது மேட்டின் அடியிலேயே நின்றுவிடுகிறது. அங்கேயே கரி போட்டு ஊதியைச் சுற்றிக்கொள்கிறார்கள். பிறகு எல்லாரும் இறங்கி, ஹாரன் இல்லாமல், பேசாமல், தள்ளிக்கொண்டு மேட்டைக் கடக்கிறோம். மாட்டு வண்டிக்காரர்கள் கழுத்து மணிக்குள் வைக்கோலை அடைத்திருக்கிறார்கள். விடுதியில் யாரோ ஒரு அதிகாரி உள்ளே தூங்குவதாகச் சொன்னார்கள். சாவியை வாசலில் இருந்த சேவகரிடம் கொடுத்தேன்.

நான் போன நேரத்தில்தான் பலகையை நட்டுக்கொண்டிருந்தார்கள். குழி தோண்டி ஜல்லி இட நாலு பெண்களைக் கூலிக்கு வைத்திருந்தார்கள். அதில் மூக்காயியும் ஒருத்தி. கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று மற்ற மூவரும் அவளைக் கேட்டார்கள். அவள் வாசித்துச் சொன்னாள்.

அடைக்கலமேரி